கள்ள ஓட்டுப் புகாரும் தேர்தல் வழக்கும்: நீதிமன்றம் எதைக் கேட்கிறது?

வாக்கு எண்ணிக்கை முடிந்த அன்று மாலை, தோற்றுப்போன வேட்பாளர் எண்ணும் மையத்துக்கு வெளியே நின்று, "கள்ள ஓட்டுப் போட்டுத்தான் ஜெயித்திருக்கிறார்கள், கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்வதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அப்படிச் சொன்னவர்களில் பலர் வழக்குப் போடுவதே இல்லை. போட்டவர்களிலும் பலருடைய மனு சாட்சி விசாரணை வரை போகாமலேயே தள்ளுபடியாகிவிடுகிறது. முறைகேடு நடந்தது ஊருக்கே தெரிந்திருக்கும்போது நீதிமன்றம் மட்டும் ஏன் கண்டுகொள்ளவில்லை என்ற ஐயம் வாக்காளருக்கு எழுவது இயல்பு. நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களில் இந்தியச் சட்டம் இப்படிப்பட்ட புகாரை எந்த இடத்தில், எந்தக் கேள்விகளோடு எதிர்கொள்கிறது என்பதை இங்கே பார்க்கலாம்.

தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போது நீதிமன்றம் பொதுவாகத் தலையிடாது என்பதே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது. தேர்தலை எதிர்ப்பவர் அதற்கென வகுக்கப்பட்ட தேர்தல் மனு மூலமாக மட்டுமே எதிர்க்க முடியும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 329-ஆம் கூறு கட்டளையிடுகிறது. இதற்கு முதன்முதலில் தெளிவான பொருள் சொன்ன வழக்கு நம்மூரிலிருந்தே போனது. முதல் பொதுத்தேர்தலின்போது நாமக்கல் தொகுதியில் தன் வேட்புமனு நிராகரிக்கப்பட்டதை எதிர்த்துப் பொன்னுசாமி என்பவர் ரிட் மனுத் தாக்கல் செய்தார். தேர்தல் என்பது வாக்குப்பதிவு நாள் மட்டுமல்ல, அறிவிக்கையிலிருந்து முடிவு அறிவிப்பு வரையிலான முழு நடைமுறையும் தேர்தலே என்றும், இடையில் எழும் எந்தக் குறையையும் முடிவு வந்த பிறகு தேர்தல் மனுவில்தான் எழுப்ப வேண்டும் என்றும் 1952 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒவ்வொரு வேட்பாளரும் ஒவ்வொரு கட்டத்திலும் தடை வாங்கத் தொடங்கினால் எந்தத் தேர்தலும் உரிய நாளில் முடியாது என்பதே இதன் பின்னால் உள்ள கவலை.

அதுவரை புகாருக்கு வேறு கதவே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. வாக்குச்சாவடி கைப்பற்றப்பட்டாலோ, இயந்திரம் உடைக்கப்பட்டாலோ அந்தச் சாவடியின் வாக்குப்பதிவைச் செல்லாது என்று அறிவித்து மறுவாக்குப்பதிவுக்கு உத்தரவிடும் அதிகாரம் தேர்தல் ஆணையத்துக்கு உண்டு. 1977-இல் பஞ்சாபின் பிரோஸ்பூர் நாடாளுமன்றத் தொகுதி முழுவதற்குமே ஆணையம் மறுவாக்குப்பதிவு அறிவித்தது. அதை எதிர்த்து வந்தவரிடமும் தேர்தல் மனுவில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் உச்ச நீதிமன்றம் சொன்னது. எண்ணிக்கையில் ஐயம் இருந்தால், முடிவை அறிவிப்பதற்கு முன்பே வேட்பாளரோ அவருடைய முகவரோ எழுத்து மூலம் மறு எண்ணிக்கை கேட்கலாம்; காரணம் சரியில்லை என்றால் தேர்தல் நடத்தும் அலுவலர் மறுக்கலாம். முடிவை அறிவித்துவிட்டால் அவர் கையிலும் எதுவும் இல்லை. வாக்காளர் பட்டியலில் இறந்தவர்களும் இடம்பெயர்ந்தவர்களும் இருக்கிறார்கள் என்ற புகாரைப் பட்டியல் இறுதியாவதற்கு முன்பே எழுப்பியிருக்க வேண்டும். இறுதியான பட்டியலின் செல்லும்தன்மையைத் தேர்தல் மனுவில் கிளற முடியாது என்பது நிலைபெற்ற சட்டம். பட்டியல் திருத்தக் காலத்தில் கட்சிக்காரர்கள் தூங்கிவிட்டு, தோற்ற பிறகு பட்டியலைக் குறைசொல்வது நீதிமன்றத்தில் எடுபடாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

மனு போடுவதற்கான விதிகள் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் இருக்கின்றன. முன்பு இதற்கெனத் தீர்ப்பாயங்கள் இருந்தன. 1966-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு நேரடியாக உயர் நீதிமன்றமே விசாரிக்கிறது. அந்தத் தேர்தலில் நின்ற வேட்பாளர் மட்டுமல்லாமல், அந்தத் தொகுதியின் வாக்காளர் எவரும் மனுப் போடலாம். காலக்கெடு, முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாள்கள். வழக்குச் செலவுக்குப் பிணையாகக் கட்ட வேண்டிய தொகை இன்றைக்கும் 2,000 ரூபாய்தான். ஆனால் இந்த மலிவைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. நாள் தவறினாலோ, சேர்க்க வேண்டிய எதிர்மனுதாரரைச் சேர்க்காவிட்டாலோ, பிணைத் தொகையைக் கட்டாவிட்டாலோ உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தே ஆக வேண்டும். காலதாமதத்தை மன்னிக்கும் இரக்கத்துக்கு இங்கே இடமில்லை. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒருவரை நீக்கக் கோரும் வழக்கு என்பதால், சாதாரண சிவில் வழக்கில் காட்டும் தாராளத்தைச் சட்டம் இங்கே காட்டுவதில்லை.

பல மனுக்கள் விழுவது அடுத்த படியில்தான். "தொகுதி முழுவதும் ஆயிரக்கணக்கில் கள்ள ஓட்டு விழுந்தது" என்று எழுதினால் அது சட்டத்தின் பார்வையில் குற்றச்சாட்டே ஆகாது. எந்தச் சாவடி, பட்டியலில் எத்தனையாவது வரிசை எண், அந்தப் பெயரில் வாக்களித்தது எப்படி அவராக இருக்க முடியாது, அவர் அன்று எங்கே இருந்தார் என்று முக்கியமான உண்மைகளை மனுவிலேயே சொல்லியிருக்க வேண்டும். லஞ்சம், மிரட்டல் போன்ற ஊழல் செயல்களைக் குற்றம்சாட்டினால், செய்தவர் பெயர், நாள், இடம் ஆகியவற்றோடு உறுதிமொழிப் பத்திரமும் இணைக்க வேண்டும். சொல்லாத உண்மைக்குப் பின்னால் சாட்சியைக் கொண்டுவர முடியாது.

மனு இந்தப் படிகளைத் தாண்டிவிட்டால் நீதிமன்றம் எதைப் பார்க்கும்? விடை சட்டத்தின் 100-ஆம் பிரிவில் இருக்கிறது. தேர்தல் வழக்குச் சட்டத்தில் ஒரே ஒரு பிரிவைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படிக்கலாம். இந்தப் பிரிவு முறைகேட்டை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. வென்றவரோ, அவருடைய தேர்தல் முகவரோ, அவர்களின் சம்மதத்தோடு வேறொருவரோ சட்டம் பட்டியலிடும் ஊழல் செயல் ஒன்றைச் செய்தார் என்று நிரூபணமானால் தேர்தல் செல்லாது. வாக்கு வித்தியாசம் ஒன்றாக இருந்தாலும் லட்சமாக இருந்தாலும் கவலையில்லை. தகுதியில்லாத வாக்குகளை ஏற்றது, தகுதியுள்ள வாக்குகளை நிராகரித்தது, விதிகளை மீறியது போன்ற மற்ற குறைகள் நிரூபணமானால் அது மட்டும் போதாது. அந்தக் குறையால் வென்றவரின் முடிவு கணிசமாகப் பாதிக்கப்பட்டது என்பதையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும்.

முதல் வகைக்குப் புகழ்பெற்ற உதாரணம் இந்திரா காந்தியின் வழக்கு. 1971-இல் ராய்பரேலியில் ராஜ் நாராயணனை அவர் 1 லட்சத்து 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் வென்றிருந்தார். அரசு ஊழியர்களின் உதவியைத் தேர்தல் வேலைக்குப் பயன்படுத்தினார் என்ற காரணத்துக்காக, 1975 ஜூன் 12-ஆம் நாள் அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா அந்தத் தேர்தலைச் செல்லாது என்று தீர்ப்பளித்தார். (அதன் பிறகு நெருக்கடி நிலை வந்ததும், சட்டத்தையே முன்தேதியிட்டுத் திருத்தியதும், அந்தத் திருத்தத்தின் பலத்தில் அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவருடைய தேர்தலைச் செல்லும் என்றதும் தனிக் கதை.) இவ்வளவு கடுமையான விளைவு உண்டு என்பதால் இங்கே நிரூபணத்தின் அளவுகோலும் கடுமையானது, ஏறக்குறைய குற்றவியல் வழக்கைப் போல, நியாயமான ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். சாவடியைக் கைப்பற்றுவது இந்த ஊழல் செயல் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அங்கங்கே நாலு பேர் அடுத்தவர் பெயரில் போடும் கள்ள ஓட்டுக்கும் வேட்பாளருக்கும் தொடர்பைக் காட்டுவது எளிதில்லை. அதனால் அது பெரும்பாலும் இரண்டாவது வகையில்தான் வாதிடப்படுகிறது.

இரண்டாவது வகை முழுக்க முழுக்கக் கணக்கு. இதன் கண்டிப்பைப் புரிந்துகொள்ள முதல் பொதுத்தேர்தலில் உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூர் பகுதியிலிருந்து வந்த ஒரு வழக்கைப் பார்க்கலாம். வென்றவருக்கு 12,868 வாக்குகள், அடுத்து வந்தவருக்கு 10,996; வித்தியாசம் 1,872. போட்டியிடவே தகுதியில்லாத வேறொருவரின் வேட்புமனு தவறாக ஏற்கப்பட்டிருந்தது, அவர் வாங்கியதோ 1,983. அவர் நிற்காமல் இருந்திருந்தால் அந்த வாக்குகள் இரண்டாமவருக்குப் போய் முடிவு மாறியிருக்கலாமே என்பது வாதம். போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். ஊகத்தின் பேரில் தேர்தலை ரத்து செய்ய முடியாது, பாதிப்பை நிரூபிக்கும் சுமை மனுதாரருடையது, அந்தச் சுமையைச் சுமக்க முடியாவிட்டால் தேர்தல் நிற்கும் என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வசிஷ்ட நாராயண் சர்மா வழக்கு என்று அறியப்படும் இந்தத் தீர்ப்பை இன்றைக்கும் உயர் நீதிமன்றங்கள் மேற்கோள் காட்டுகின்றன. 5,000 வாக்கு வித்தியாசத்தில் தோற்றவர் 300 கள்ள ஓட்டுகளைச் சந்தேகமில்லாமல் நிரூபித்தாலும் வழக்கில் தோற்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். அந்த 300 பேரும் ஆள்மாறாட்டக் குற்றத்துக்காகத் தனியாகத் தண்டிக்கப்படலாம். பதவி மட்டும் வென்றவரிடமே இருக்கும்.

அந்த 300-ஐ நிரூபிப்பது எப்படி என்பது வாக்குச்சாவடியில் தொடங்குகிறது. நீங்கள் போகிறீர்கள், உங்கள் பெயரில் ஏற்கெனவே யாரோ வாக்களித்துவிட்டார் என்று அலுவலர் சொல்கிறார். திரும்பி வந்துவிடக் கூடாது. தலைமை அலுவலர் உங்களிடம் அடையாளம் குறித்துச் சில கேள்விகள் கேட்டு, நீங்கள்தான் அந்த வாக்காளர் என்று நிறைவடைந்தால், தேர்தல் நடத்தும் விதிகளில் 49P-இன்படி உங்களுக்கு ஒரு காகித வாக்குச்சீட்டைத் தர வேண்டும். இதை டெண்டர் வாக்கு என்கிறார்கள். இயந்திரத்தில் வாக்களிக்க விடமாட்டார்கள். சீட்டில் முத்திரையிட்டு, மடித்துக் கொடுத்தால் அதைத் தனி உறையில் போட்டு மூடிவைப்பார்கள். எண்ணும் நாளில் அந்த உறையைப் பிரிப்பதில்லை, அந்த வாக்கு யாருடைய கணக்கிலும் சேர்வதில்லை. அப்படியானால் எதற்கு அது என்று கேட்கலாம். பின்னால் தேர்தல் மனு வந்து, முதலில் விழுந்தது கள்ள ஓட்டு என்று நிரூபணமானால், உண்மையான வாக்காளரின் விருப்பம் என்ன என்பதற்கு நீதிமன்றத்தின் முன் இருக்கும் நேரடிச் சான்று அந்த உறைக்குள் இருக்கிறது. காகித வாக்குச்சீட்டுக் காலத்தில் அடிக்கட்டையின் எண்ணை வைத்துக் கள்ள ஓட்டையே தேடி எடுக்க முடிந்தது. இயந்திரத்துக்கு அடிக்கட்டை கிடையாது என்பதால், வாக்காளர் கையெழுத்திடும் 17ஏ பதிவேடும் இந்த உறையும் இப்போது இன்னும் முக்கியமாகின்றன. என் பார்வையில், வழக்கின் பாதி வெற்றி சாவடி முகவரின் அன்றைய விழிப்பில் இருக்கிறது.

இந்த உறை எவ்வளவு பெரிய விஷயமாகலாம் என்பதற்கு ராஜஸ்தானின் நாத்வாரா தொகுதி சாட்சி. 2008 சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸின் மாநிலத் தலைவராக இருந்த சி.பி. ஜோஷி 62,215 வாக்குகள் வாங்கினார். பாஜகவின் கல்யாண் சிங் சௌஹான் 62,216. ஒரே வாக்கில் கைநழுவியது. டெண்டர் வாக்குகளும், ஒருவரே இரு இடங்களில் வாக்களித்தார் என்ற குற்றச்சாட்டும் வழக்கின் மையமாயின. ஒரே தொகுதியில் ஒருவர் இருமுறை வாக்களித்தால் அவருடைய இரண்டு வாக்குகளுமே செல்லாது என்பது சட்டம். அந்த வழக்கில்கூட, மனுவில் குறிப்பிட்டிருந்த டெண்டர் வாக்குகளைத் தாண்டி விசாரணை விரியக் கூடாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் வரம்பு கட்டியது.

மறு எண்ணிக்கை கேட்டாலும் இதே கண்டிப்புதான். வாக்குச்சீட்டுகளைத் திறந்து பார்த்தால் ஏதாவது கிடைக்கும் என்ற நம்பிக்கையில் மட்டும் கேட்டால் நீதிமன்றம் தராது. திறப்பதற்கு முன்பே தவறு நடந்ததற்கான அடிப்படையைக் காட்ட வேண்டும். வாக்கின் ரகசியத்தைக் காப்பது ஒரு காரணம். தோற்றவர் ஒவ்வொருவரும் பெட்டியைத் திறக்கச் சொன்னால் எந்த முடிவும் முடிவாக இருக்காது என்பது இன்னொன்று. ஆனால் அடிப்படை உறுதியாக இருந்தால் நீதிமன்றம் தயங்குவதில்லை என்பதற்குச் சமீபத்தில் இரண்டு உதாரணங்கள் கிடைத்தன, இரண்டும் உள்ளாட்சித் தேர்தல்கள். 2024 ஜனவரி 30-இல் நடந்த சண்டிகர் மேயர் தேர்தலில் ஆம் ஆத்மி வேட்பாளருக்கு விழுந்த 8 வாக்குகளைச் செல்லாது என்று தலைமை அலுவலர் ஒதுக்கினார். பாஜக வேட்பாளர் 16-க்கு 12 என்று வென்றதாக அறிவித்தார். அந்தச் சீட்டுகளில் அவரே பேனாவால் கோடு போடுவது கேமராவில் பதிவாகியிருந்தது. உச்ச நீதிமன்றம் வாக்குச்சீட்டுகளை வரவழைத்து நீதிமன்ற அறையிலேயே பார்த்தது, காணொளியையும் பார்த்தது. 8 வாக்குகளும் செல்லும் என்று சேர்த்து, 20 வாக்குகளோடு ஆம் ஆத்மி வேட்பாளரே மேயர் என்று பிப்ரவரி 20-ஆம் நாள் அறிவித்தது. அடுத்தது ஹரியாணாவின் பானிபட் மாவட்டத்தில் உள்ள புவானா லாக்கு கிராமம். 2022 நவம்பரில் நடந்த ஊராட்சித் தலைவர் தேர்தலின் இயந்திரங்களை உச்ச நீதிமன்றம் தன் வளாகத்துக்கே கொண்டுவரச் செய்து 2025-இல் எண்ணவைத்தபோது, தோற்றதாக அறிவிக்கப்பட்டவருக்கு 1,051, வென்றதாக அறிவிக்கப்பட்டவருக்கு 1,000 என்று வந்தது. இந்த இரண்டிலும் காணொளியோ எண்ணோ நேரடியாகப் பேசியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இயந்திரத்தையே குறைசொல்லும் வழக்குகள் வேறு ரகம். கேரளத்தின் பறவூர் தொகுதியில் 1982-இல் 50 சாவடிகளில் முதன்முறையாக இயந்திரம் வைத்தார்கள்; 123 வாக்குகளில் தோற்ற ஏ.சி. ஜோஸ் வழக்குத் தொடுத்தார். இயந்திரம் பழுது என்று உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை. சட்டத்தில் இயந்திரத்துக்கு அன்று இடமே இல்லை என்ற காரணத்தால் 1984-இல் அந்த 50 சாவடிகளிலும் மறுவாக்குப்பதிவுக்கு உத்தரவிட்டது. மறுவாக்குப்பதிவில் ஜோஸ் வென்றார். பின்னர் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிப் பகுதியிலும் ஐந்து சாவடிகளின் விவிபேட் சீட்டுகளை (யாருக்கு வாக்களித்தோம் என்று அச்சிட்டுக் காட்டும் காகிதச் சீட்டுகளை) எண்ணி இயந்திரக் கணக்கோடு ஒப்பிடுகிறார்கள். அனைத்துச் சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரல் 26-இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஆனால் இரண்டாம், மூன்றாம் இடம் பிடித்தவர்கள் ஏழு நாள்களுக்குள் எழுதிக் கேட்டால் 5 விழுக்காடு இயந்திரங்களின் நினைவகத்தைப் பரிசோதிக்கலாம் என்று வழிவிட்டது.

உலகெங்கும் இதே அளவுகோல்தான் என்று நினைக்க வேண்டாம். 2016-இல் ஆஸ்திரியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் வித்தியாசம் 30,863 வாக்குகள். தபால் வாக்குகளைக் கையாண்டதில் விதிமீறல் நடந்த தொகுதிகளில் பாதிக்கப்பட்டவை ஏறத்தாழ 78 ஆயிரம். யாரும் வாக்கை மாற்றியதாக நிரூபணமாகவில்லை. மாறியிருக்க முடியும் என்பதே போதும் என்று அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. கனடாவிலோ, 26 வாக்கு வித்தியாசத்தில் முடிந்த ஒரு தொகுதியில் 79 வாக்குகளைக் கீழ் நீதிமன்றம் செல்லாது என்ற பிறகும், பதிவேட்டுக் குறைகளுக்காகத் தகுதியுள்ள வாக்காளரின் வாக்கைத் தள்ளக் கூடாது என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தேர்தலைக் காப்பாற்றியது. நம் சட்டம் ஆஸ்திரியாவைவிடக் கனடாவின் பக்கம் நிற்கிறது. காஜிப்பூர்த் தீர்ப்பின் தர்க்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் ரகசிய வாக்கு யாருக்கு விழுந்தது என்பதை மனுதாரர்தான் காட்ட வேண்டும் என்பது சில வழக்குகளில் செய்ய முடியாததைச் செய்யச் சொல்வதாகவே இருக்கிறது.

மனு வெற்றி பெற்றால் வென்றவரின் தேர்தல் செல்லாததாகும். மனுதாரரே வென்றார் என்று அறிவிக்கும்படி சேர்த்துக் கேட்டிருந்து, செல்லும் வாக்குகளில் அவருக்கே பெரும்பான்மை என்று நிரூபணமானால் நீதிமன்றமே அவரை வென்றவராக அறிவிக்கலாம், இல்லையென்றால் இடைத்தேர்தல். அப்படி அறிவிக்கக் கேட்கும் வழக்கில், மனுதாரருக்கு விழுந்ததிலும் கள்ள ஓட்டு உண்டு என்று சொல்ல வென்றவருக்கும் உரிமை இருக்கிறது, ஆனால் அதற்கு அவர் உரிய காலத்தில் தனி அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். ஊழல் செயல் நிரூபணமானால் ஆறு ஆண்டுகள் வரை தேர்தலில் நிற்கத் தடையும் வரலாம். தீர்ப்பை எதிர்த்து 30 நாள்களுக்குள் உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம்.

வழக்கு நடக்கும் காலம் முழுவதும் வென்றவர் உறுப்பினராகவே இருப்பார். ஆறு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடப்பது வேறு. 2016-இல் ராதாபுரம் தொகுதியில் அதிமுகவின் இன்பதுரையிடம் 49 வாக்குகளில் தோற்ற திமுகவின் அப்பாவு, சான்றொப்பமிட்டவர் தகுதியானவர் இல்லை என்று 203 தபால் வாக்குகளை நிராகரித்தது தவறு என்று வழக்குத் தொடுத்தார். அந்தத் தபால் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மீண்டும் எண்ணும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது 2019 அக்டோபர் ஆகியிருந்தது. எண்ணியும் முடித்தார்கள், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. தடை நீங்குவதற்கு முன்பே 2021-இல் அந்தச் சட்டப்பேரவையின் காலம் முடிந்துவிட்டது. மனுப் போட 45 நாள் என்று கறாராகச் சொல்லும் சட்டம், தீர்ப்புக்கு மட்டும் முயற்சி செய்தால் போதும் என்று விட்டுவைத்திருக்கிறது. ஆறு மாதம் என்ற அந்த வரிக்கு ஒரு விளைவு சேர்க்கப்படாதவரை, குறைந்த வித்தியாசத்தில் தோற்றவருக்கு வழக்கறிஞர்கள் சொல்லும் முதல் அறிவுரை அடுத்த தேர்தலுக்கான வேலையையும் சேர்த்துப் பாருங்கள் என்பதாகவே இருக்கும்.